மேல் போல்ட்

தம்பி கல்யாணத்தன்று விடியற்காலையில் என் புருஷன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். நான் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், தார்ப்பாய் மேல் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் டப்பா. அதில் கறுப்பு ஆயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னாங்க இது? இன்னிக்குப் போயி?"

"கியர் ஆயில் மாத்தறேன். மலை ஏத்தம். பழைய ஆயில்ல ஏறினா பல்லு தேஞ்சு போயிடும்" என்றது அடியிலிருந்து குரல். "மூணு எடம் முடிஞ்சிடுச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. பத்து நிமிஷம்."

பூவரசன் எனக்கு ஒரே தம்பி, நான் அவனுக்கு ஒரே அக்கா. முகூர்த்தம் மலைமேல் எங்கள் குலதெய்வக் கோயிலில். மாப்பிள்ளை தாலிக்கு முதல் முடிச்சுப் போட்டதும் மிச்ச இரண்டு முடிச்சையும் போட வேண்டியவள் கூடப் பிறந்தவள். அவன் அரை டிராயர் போட்டுத் திரிந்த நாளிலேயே, "உன் பொண்டாட்டி கழுத்துல நான்தான்டா முடிச்சு போடுவேன், அவ என்கிட்ட ஒழுங்கா இருக்கணும்" என்று மிரட்டி வைத்திருந்தேன். அவனும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான்.

வீட்டார் எல்லாரும் முந்தின நாளே, எங்கள் ஊரில் வாடகைக்கு ஓட்டுகிற கோபியின் ஜீப்பில் மேலே போய்விட்டார்கள். எனக்கு ஷூ கம்பெனியில் ஒரே ஒரு நாள்தான் லீவு கொடுத்தான். "அவங்ககூட நெருக்கியடிச்சுப் போவானேன்? காலையில நம்ம வண்டியில ஜம்முனு போலாம் பாக்யா" என்று சொன்னதும் என் புருஷனின் இதே வாய்தான். மழை பெய்து மலைப்பாதை சேறும் சகதியுமாகக் கிடந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியைத் தவிர எதுவும் ஏறாது. மாதனூர் பக்கத்தில் அப்படிப்பட்ட வண்டி இரண்டுதான். ஒன்று கோபியின் ஜீப், இன்னொன்று எங்கள் பிக்கப்.

வண்டி வேலைக்கு என் புருஷன் காசி எந்த மெக்கானிக்கையும் கிட்டே சேர்க்க மாட்டார். ஆயில் மாற்றுவதெல்லாம் வீட்டு வாசலில்தான். டார்ச் அடிக்கவும், டியூபைப் பிடித்துக்கொள்ளவும் நான் நிற்பேன். கியர் பாக்ஸ், அதை ஒட்டி முன்சக்கரத்துக்கும் விசை அனுப்புகிற டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சு, பின் அச்சு என்று நாலு இடம். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். மேலே இருப்பது ஊற்றுவதற்கு, கீழே இருப்பது வடிப்பதற்கு. மேல் போல்ட் கழன்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே கை வைக்க வேண்டும். வடித்த பிறகு மேலே திறக்கவில்லையென்றால் ஊற்ற வழியில்லை, வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். இதை நான் கேட்காமலேயே எனக்குப் பாடம் நடத்தினவர் அவர். "மேல தெறக்காம கீழ வடிக்கிறவன் வடிகட்டின முட்டாள்" என்பார்.

பத்து நிமிஷம் போனது. அதற்கு மேலும் போனது. ஸ்பேனரால் இரும்பைத் தட்டுகிற சத்தம் மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. கடைசியில் அவர் வெளியே ஊர்ந்து வந்தார். முழங்கை வரை கறுப்பு.

"டிரான்ஸ்ஃபர் கேஸு மேல் போல்ட்டு வரமாட்டேங்குது. துரு புடிச்சி இறுகிப்போச்சு."

"மொதல்ல மேல தெறந்து பாக்கலியா?"

"அவசரத்துல மறந்துட்டேன்."

மறந்துவிட்டாராம். வாடிக்கையாய்ச் சோறு தின்கிற வாயை மறப்பாரே தவிர, இதை மறக்கிற ஆள் இல்லை. "மூர்த்தி பட்டறையில நீளமா ஒரு பைப்பு இருக்கும், வாங்கியாறேன்" என்று அசைந்து அசைந்து நடந்தார். நான் கோபிக்குப் போன் போட்டேன். "அக்கா, இப்ப எறங்கி உன்னை ஏத்திக்கினு வந்தா முகூர்த்தம் முடிஞ்சிடும்க்கா" என்றான். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

சும்மா நிற்க முடியவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தார்ப்பாயில் படுத்து உள்ளே நகர்ந்தேன். பழைய கியர் ஆயில் அழுகின முட்டை மாதிரி நாறியது. போன் வெளிச்சத்தில் அந்த மேல் போல்ட்டைத் தேடிப் பிடித்து, வரவா போகிறது என்று இரண்டு விரலால் திருகினேன். திரும்பியது. வாட்டர் பாட்டில் மூடியைவிட லேசாகத் திரும்பி என் உள்ளங்கையில் விழுந்தது. மரை எல்லாம் துடைத்துச் சுத்தமாக இருந்தது. புது வாஷர்கூடப் போட்டிருந்தது.

அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது அந்த போல்ட்டைக் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவரும் பார்க்கவில்லை. வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"நாத்தம் புடிச்ச வண்டிதானே. உனக்கு இன்னாத்துக்கு இது?"

அப்போதுதான் புரிந்தது. வாரத்தில் பாதி நாள் எங்கள் வண்டியில் உப்புப் போட்ட மாட்டுத்தோல் ஏறும், தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்கு. மீதி நாள் மலையிலிருந்து புளி, பலாப்பழம். பெண் அழைப்புக்கு எந்த வண்டி என்று பேச்சு வந்தபோது பெண்வீட்டார், "தோல் வண்டியா? பொண்ணு புடவையெல்லாம் நாறிப்பூடுமே" என்றார்கள். பூவரசன் சிரித்துவிட்டு, "கோபி ஜீப்பைச் சொல்லிடறேன்" என்றான். இவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். அதற்கு முந்தின வாரம்தான் பெண் அழைப்புக்கென்று வண்டியைப் பினாயில் ஊற்றித் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். உள்ளே எலுமிச்சம்பழம்கூட அறுத்து வைத்திருந்தார்.

"உன் தம்பி பாலிடெக்னிக் படிச்சது இந்த நாத்தத்துல வந்த காசுலதான். அன்னிக்கு நீ ஒரு வார்த்தை கேட்டியா? நீயும் சும்மாதானே குந்தினு இருந்த?"

"அதுக்கு என்னைய ஏன்யா பழி வாங்கற? அவன் கல்யாணம் நிக்கப்போவுதா? நின்னது நான்தானே!" என்று கத்தினேன். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரை ஒருமையில் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் ரோஷம் நியாயம்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் ரோஷத்தைக் காட்ட அவருக்கு அந்தப் பெண்வீட்டார் கிடைக்கவில்லை, தம்பி கிடைக்கவில்லை. வீட்டில் இருக்கிற நான்தான் கிடைத்தேன்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். பின்னால் மேளம் கேட்டது.

"எங்கடி இருக்கற? ஐயரு அவசரப்படுத்துறாரு. முடிச்சு யாரு போடுறது?"

காசி தலையைக் குனிந்துகொண்டார். பந்தலில் வைத்து வீட்டு மாப்பிள்ளை மானம் போனால், அதில் என் மானம் தனியாகவா மிஞ்சப் போகிறது?

"வண்டி ரிப்பேரும்மா. ஒரு போல்ட்டு மாட்டிக்கிச்சு. அவரு விடியறதுக்கு முன்ன இருந்து அடியிலயே கெடக்கறாரு. சித்தி பொண்ணு சுந்தரியப் போடச் சொல்லு" என்றேன். சொல்லி முடித்ததும் மேளச் சத்தம் பெரிதாகக் கேட்டது. போனை வைத்துவிட்டு, கட்டின பட்டோடு தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதற்கப்புறம் அவர் வேலை மளமளவென்று நடந்தது. புது ஆயிலை ஊற்றி, போல்ட்டை முறுக்கி, வண்டியைக் கிளப்பி, "வா, சாப்பாட்டுக்காவது போய்ச் சேரலாம்" என்றார். நான் விரலில் இருந்த கறுப்பைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். "நீங்களும் கையைக் கழுவிட்டு வாங்க" என்றேன். "பரவால்ல, அங்க கழுவிக்கலாம்" என்றார்.

மலைமேல் பந்தி நடந்துகொண்டிருந்தது. வண்டி நின்றதும் அம்மா ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் பார்த்தாள்.

"ஐயோ மாப்பிள்ள, கையெல்லாம் இன்னா இது? எம்மாம் பாடுபட்டிருக்காரு பாரு! ஏண்டி, நீ நேத்தே எங்ககூட வந்திருந்தா இவருக்கு இந்தப் பேஜாரு உண்டா?"

பூவரசன் மாலையும் கழுத்துமாகச் செம்பை எடுத்துக்கொண்டு வந்தான். "மாமா, கைய நீட்டுங்க" என்று தானே தண்ணீர் ஊற்றினான். பெண்ணின் அப்பா சோப்பு வாங்கிவரச் சொல்லி ஆளை விரட்டினார். புதுப்பெண்ணே துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் நிதானமாக, ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். நுரைக்கு மேலாக என்னை ஒரு தரம் பார்த்தார். சொல்லிவிடுவேனோ என்கிற பயம் அந்தப் பார்வையில் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்தேன், விழுங்கிக்கொண்டேன்.

பிறகு இரண்டு பேரும் எங்கள் காலில் விழுந்தார்கள். குனிந்த பெண்ணின் பின்கழுத்தில் மஞ்சள் கயிறு தெரிந்தது. ஒரு முடிச்சு தம்பி போட்டது. மற்ற இரண்டும் சுந்தரி போட்டவை. என் புருஷன் கழுவின கையால் அட்சதை தூவி, "ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்து ஒத்துமையா இருங்க" என்றார்.