கூடத்துத் தாடி ஐயா

வேலையில் சேர்ந்த முதல் வாரமே நூலகருக்குச் சொந்தப் பெயர் போய்விட்டது. "உஷ் டீச்சர்" என்று பிள்ளைகள் ஆரம்பித்தார்கள், ஆசிரியர்கள் பிடித்துக்கொண்டார்கள், கடைசியில் வீட்டுக்காரரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார். நாளெல்லாம் வாயிலிருந்து அந்த ஒரே சத்தம்தான் வருகிறது என்றால் வேறு என்னதான் பெயர் வைப்பார்கள்?

பள்ளிக்கு நூறு வயது நிறையப் போகிறது என்றதும், வரலாறு எழுதும் பொறுப்பைத் தலைமை ஆசிரியை அவர் தலையில் கட்டினார்.

"நம்ம ஸ்டாஃப்ல வாயை மூடிக்கிட்டு ஒரு எடத்துல உக்கார்றது நீங்க ஒருத்தர்தான். நாப்பது பக்கம் போதும். படம் நெறையப் போட்டுடலாம்."

எழுத விஷயத்துக்கா பஞ்சம்? மேட்டின் மேல் சிவப்புச் செங்கல் கட்டடம், நடுவில் சின்ன ஆலயம், பின்னால் மாணவிகள் விடுதி. மைதானம் ஒரு பக்கம் சரிந்திருப்பதால், யார் எந்தப் பக்கம் உதைத்தாலும் பந்து போதகர் வீட்டுத் தக்காளிப் பாத்தியில்தான் போய் விழும். எல்லாவற்றையும்விடப் பெரிய அழகு பிரார்த்தனைக் கூடம். மர விட்டங்கள், வழவழவென்று நீள பெஞ்சுகள், வாசல் பக்கத்தில் கனத்த மரச் சட்டம் போட்ட ஒரு படம். மார்பு வரை இறங்கிய தாடி, நேர்கொண்ட பார்வை. கீழே பித்தளைத் தகட்டில் "நம் ஸ்தாபகர்". பிள்ளைகளுக்கு அவர் தாடி ஐயா. பரீட்சைக்குப் போகும்போது சட்டத்தின் கீழ் மூலையைத் தொட்டுவிட்டு ஓடி ஓடி, அந்த மூலையில் மட்டும் வார்னிஷ் போய் வெள்ளை வெளேரென்று ஆகியிருந்தது.

ஆலயத்துப் பழைய அலமாரியில், ஸ்தாபகர் தன் தங்கைக்கு எழுதி, பிற்காலத்தில் பள்ளிக்கே வந்து சேர்ந்த கடிதங்கள் ஒரு கட்டு இருந்தன. உஷ் டீச்சர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தூசி தட்டிப் படித்தார். ஐந்தாவது கடிதத்துக்குள்ளிருந்து ஒரு புகைப்படம் விழுந்தது. ஒல்லியான மனிதர். மழமழவென்று சிரைத்த முகம். முறம் மாதிரி இரண்டு காதுகள். பின்பக்கத்தில், "தங்கைக்கு, உன் அண்ணன். காதுகள் கடவுள் கொடுத்தபடியே."

உஷ் டீச்சர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியானால் கூடத்தில் இருப்பவர் யார்?

அடுத்த கடிதமே பதில் சொன்னது. "என் படத்துக்குச் சட்டம் செய்யச் சொன்னேன். எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காகத் தச்சர் தன் படத்தையே உள்ளே வைத்துக் கொண்டுவந்தார். என் படம் பெரிதாக்கி வரும்வரை அப்படியே மாட்டி வையுங்கள் என்றேன்." அடுத்த வாரமே ஸ்தாபகரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பின்னால் வந்த தலைமை ஆசிரியர் அவரைப் பார்த்ததே இல்லை. சுவரில் படத்தைப் பார்த்தார், தகடு அடித்தார். கதை முடிந்தது.

வீட்டில் சொன்னதும், பேருந்து ஓட்டுநரான வீட்டுக்காரர் கையில் எடுத்த தண்ணீர்ச் சொம்பை அப்படியே வைத்தார். அவரும் அந்தப் பள்ளியில் படித்தவர்.

"என்னடி சொல்றே? கணக்குப் பரீட்சையில நான் பாஸானதே அவரைத் தொட்டுக் கும்பிட்டுத்தான்!"

"நீங்க கும்பிட்டது தச்சரை."

"அதான் முப்பத்தஞ்சு மார்க்கோட நிறுத்திட்டாரா?"

தலைமை ஆசிரியைக்குச் சிரிப்பு வரவில்லை. விழாவுக்கு இரண்டே நாள். ஸ்தாபகரின் பேத்தி வெளிநாட்டிலிருந்து சிறப்பு விருந்தினராக வருகிறார். "சொந்தத் தாத்தா மொகம் அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நூறு வருஷமா யாரையோ காட்டி ஏமாத்தியிருக்கோம்னு நெனைக்க மாட்டாங்களா? படத்தைக் கழட்டிடுங்க. ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லிக்கலாம்."

"மேடம், பொய் சொல்லவா?"

"பொய் இல்லம்மா. சட்டத்துல வார்னிஷ் போயிருக்குல்ல?"

மறுநாள் காலை ஏணி வந்தது. ஆனால் ஏணிக்கு முன்னால் பேத்தி வந்துவிட்டார். ஒரு நாள் முன்னதாகவே வந்து இறங்கிய அந்த எழுபது வயதுப் பெண்மணி, கைப்பையும் தொப்பியுமாக நேராக நூலகத்துக்குள் நுழைந்தார்.

"தாத்தா படம் இருக்காமே, எங்கே?"

உஷ் டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஏதோ சொல்லிச் சமாளிக்கலாம்தான். ஆனால் இத்தனை நாள் அந்தக் கடிதங்களோடு பழகிய பிறகு, அந்த மனிதரின் பேத்தியிடம் புளுக மனம் வரவில்லை. கூட்டிக்கொண்டு போனார். பேத்தி படத்தை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

"இவர் யாரு?"

"தச்சர்ங்க," என்றார் உஷ் டீச்சர். பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

பேத்தியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து உஷ் டீச்சர் கையைப் பிடித்தார். சிரிப்பு! பெஞ்சில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எங்க தாத்தாவுக்கு ஒரு ஆணி நேரா அடிக்கத் தெரியாதும்மா. இந்தப் பெஞ்செல்லாம் யார் செஞ்சது?"

"இவர்தான். விட்டம், கதவு, ஆலயத்து ஜன்னல் எல்லாமே. பதினோரு மாசம் இங்கேயே தங்கி வேலை பார்த்திருக்கார். மொத வகுப்புல சேர்ந்த ஒன்பது பிள்ளைங்கள்ல ஒண்ணு இவர் மகள். கடுதாசியில இருக்கு. பேரு மட்டும் எங்கேயும் இல்ல. எல்லா எடத்துலயும் 'தச்சர்'தான்."

அந்த நேரம் பார்த்து மூச்சிரைக்க ஓடிவந்த தலைமை ஆசிரியை, "அது வந்துங்க, ரிப்பேருக்கு..." என்று ஆரம்பித்தார்.

"ரிப்பேரா? தொடாதீங்க!" என்றார் பேத்தி. "நாளைக்கு இந்த அம்மாவையே மேடையில பேசச் சொல்லுங்க."

ஆயுசில் மேடை ஏறாதவர் உஷ் டீச்சர். மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. ஒலிவாங்கி முன்னால் போய் நின்றார். கூட்டமோ கலகலவென்று பேசிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் அவர் "உஷ்!" என்றார். நரைத்த தலைகள் உட்பட ஐந்நூறு பேரும் கப்சிப்.

நடந்ததை நடந்தபடியே சொன்னார்.  முடித்ததும் பின்வரிசையிலிருந்து வீட்டுக்காரரின் குரல், "தச்சரா இருந்தா என்ன? என்னைக் கரையேத்தினவர் அவர்தான்!" என்று எழுந்தது. சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்து விட்டத்தை அதிர வைத்தன. பேத்தி எழுந்து நின்று தட்டினார். தலைமை ஆசிரியையும், வேறு வழியில்லாமல் ஆரம்பித்து, பிறகு நிஜமாகவே தட்டினார்.

தகடு மாறியது. "இக்கூடத்தைக் கட்டிய தச்சர்." பக்கத்தில் ஸ்தாபகரின் படம் பெரிதாகி வந்தது, நூறு வருடம் தாமதமாக. புத்தகம் நாற்பது பக்கத்தில் நிற்கவில்லை, எழுபதைத் தாண்டியது. புதிதாகச் சுவரேறிய ஸ்தாபகருக்குப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் "முறம் ஐயா" என்று பெயர் சூட்டிவிட்டார்கள். காலைப் பிரார்த்தனையில் தலைமை ஆசிரியை அதைக் கண்டித்துப் பேசினார். பேசும்போது வாய் தவறி, அவரும் முறம் ஐயா என்றே சொல்லிவிட்டார்.