சாவு நுழையாத பட்டி

ஆட்டுக்காரருடைய பட்டியில் ஒன்பது வருஷமாக ஓர் ஆடும் சாகவில்லை. அதே ஒன்பது வருஷத்தில் கம்பளி விலை இரண்டு தடவை இறங்கி ஒரு தடவை ஏறியது. அதற்கு முந்தின குளிர்காலத்தில் ஓநாய்கள் பாதி மந்தையைத் தின்று தீர்த்திருந்ததால் அவர் ஒரு காவல் நாய்க்குட்டி வாங்கியிருந்தார். நாய்க்குட்டி, ஆடுகளோடேயே வளர வேண்டும், மனுஷக் கை படவே கூடாது, பட்டால் அது மனுஷனுக்குத்தான் காவல் நிற்கும் என்று விற்றவன் சொன்னான். ஆட்டுக்காரர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. தாயாட்டு மடியிலேயே குட்டியைப் பால் குடிக்க விட்டார். குளிரில் நடுங்குகிறதே என்று மனைவி கை நீட்டியபோது, "தொடாத, கெட்டுப்போயிடும்" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

நாய் வளர்ந்து பட்டி வாசலில் படுத்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழும் என்பார்கள். இங்கே அது வேலிக்கு வெளியே உட்கார்ந்து பசியில் மெய்யாகவே அழுதுவிட்டு ஊரை விட்டுப் போனது. அடுத்து நோய் வந்து திரும்பிப் போனது. கசாப்புக்காரர் வந்து திரும்பிப் போனார். கத்தரிக்கோலோடு வந்த ஆட்டுக்காரரையும் நாய் உள்ளே விடவில்லை. நாற்பத்து மூன்று ஆடுகளும் பல் கொட்டி, கண் மங்கி, மயிர் தரையில் புரள நின்றன. சாவு இல்லாத இடத்தில் பிறப்புக்கும் வேலையில்லை போல, குட்டி எதுவும் பிறக்கவில்லை. சொந்தச் செலவில் சூனியம் என்று ஊர் சிரித்தது. அவர் வேலிக்கு மேலாகப் புல் வீசினார். மனைவியின் தையல் மெஷினால்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

பத்தாம் வருஷம் அவளுக்கு நுரையீரல் கெட்டது. ஒரு வாரம் தாங்கினால் அதிகம் என்றார் டாக்டர். ஆட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு நேராகப் பட்டிக்குப் போனார்; உள்ளே போய்விட்டால் சாவு என்ன செய்துவிடும்? நாய் அவள் கையை மோந்து பார்த்துவிட்டுக் குறுக்கே படுத்துக்கொண்டது. அவர் வீட்டுக்கு ஓடி, கட்டிலில் விரித்திருந்த ஆட்டுத்தோலை எடுத்துவந்து அவளுக்குப் போர்த்தினார். ஓநாய் கடித்துச் செத்த ஆட்டின் தோல் அது. நாய் தோலை மட்டும் பதமாக இழுத்துக்கொண்டுபோய் ஆடுகளுக்கு நடுவே போட்டுவிட்டு வந்தது. அவர் அதன் முன்னால் மண்டிபோட்டு அழுதார்.

"விடுங்க," என்றாள் அவள். "நீங்க சொன்ன மாதிரிதான வளந்திருக்கு."

மத்தியானம் சாவு வந்தது. நாய் ஒரு தடவை குரைத்தது. வந்தது வேலிக்கு வெளியேதான் நிற்கிறது என்று தெரிந்ததும் மறுபடி தலையைச் சாய்த்துக்கொண்டது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆட்டுக்காரர் வழக்கம்போலப் புல் வீசப் போனார். பட்டியில் நாற்பத்து நான்கு ஆடுகள் நின்றன. நாற்பத்து நான்காவதின் கழுத்தில் ஓநாய்ப் பல் பதிந்த ஓட்டை இருந்தது. அது பசியோடு மென்றுகொண்டிருந்தது. கொண்டுவந்த புல் போதாது என்று கண்டு, அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு இன்னொரு கட்டு அறுக்கப் போனார்.