திம்பம் வளைவில் விழுந்த தூள்

சுந்தரராஜுலுவின் பம்ப் பட்டறையில் ஜோவிதா மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை பார்த்தாள். 1994 கிறிஸ்துமஸுக்குப் பங்குக் கோயிலில் அவள் கட்டிய குடிலைப் பார்த்துவிட்டுத்தான் முதலாளி அவளைப் பட்டறையின் மாடி அறைக்குக் கூட்டிப்போனார். சிங்கப்பூர் மைத்துனர் அனுப்பிய ஸ்லாட் கார் டிராக், பொம்மைக் கார்ப் பந்தயத் தடம், நீள மேசைமேல் கிடந்தது. அதில் ஒடுங்கிய பள்ளமாகச் சிவப்புக் காருக்கு ஒரு காடி, நீலக் காருக்கு ஒரு காடி. கையிலிருக்கும் விசையைக் கட்டைவிரலால் அழுத்தினால் கார் காடியைப் பிடித்தபடி பறக்கும்.

“வெறும் ரோடா இருக்குது அம்மணி. திம்பம் மலையாட்டம் செஞ்சு குடு.”

ஆறு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து செய்தாள். கோழிவலையை வளைத்து, மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாளை ஒட்டி மலை எழுப்பினாள். பீர்க்கங்கூட்டை நறுக்கிச் சாயம் தோய்த்து மரங்கள். பச்சைச் சாயமேற்றிய மரத்தூள் புல்லாயிற்று. மூன்று கொண்டை ஊசி வளைவுகளிலும் அரிசியளவுக் கற்களை வரிசையாக நட்டாள்.

அதன்பின் ஞாயிறுதோறும் பந்தயம்; மலையைப் பார்த்துக்கொள்ள ஜோவிதாவும் இருப்பாள். பந்தயத்துக்கு இரண்டு பேர் வருவார்கள். சூலூரில் லேத் வைத்திருந்த திருமலைசாமி ஒருவர். வாட்ச் ரிப்பேர் செய்யும் யூனுஸ் பாய் இன்னொருவர். கார்களைப் பழுதுபார்ப்பதும் அவர்தான். நீலக் கார் எப்போதும் முதலாளிக்கு. ஆரம்பத்தில் திருமலைசாமிதான் ஜெயித்துக்கொண்டிருந்தார். திடீரென்று மூன்று வாரமாக அவருடைய சிவப்புக் கார் கடைசி வளைவில் தடுக்கித் தூக்கியெறியப்பட்டது. அந்தக் காரின் காடிக்குள் மட்டும் பச்சைத் தூள்.

“ஏனுங்க ஜோவிதா, உங்க மலை உதுருதுங்களா, இல்ல யாராச்சும் உதுரச் சொன்னாங்களா?” என்றார் திருமலைசாமி.

அவளுக்குக் காது சிவந்தது. மலை முழுக்க மறுபடி பசை தடவினாள். கையால் தட்டிப் பார்த்தாள். ஒரு துகள்கூட விழவில்லை. அடுத்த ஞாயிறு காடிக்குள் மறுபடி தூள்.

பந்தயத்துக்கு முன் கார்களைத் தொடுகிறவர் பாய் மட்டும்தான். அந்த நினைப்பு வந்தபின் அவளால் அதை விட முடியவில்லை. அவர் அஸர் தொழுகைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலுக்குப் போனபோது அவருடைய பையைத் திறந்தாள். தூரிகை, இடுக்கி, எண்ணெய்க் குப்பி, கண்ணில் மாட்டும் லென்ஸ். வேறெதுவும் இல்லை. மூடுவதற்குள் அவர் வாசலில் நின்றார்.

“கேட்டிருந்தா நானே கொட்டிக் காட்டியிருப்பனுங்களே” என்றார்.

“மன்னிச்சுக்குங்க பாய். எல்லாரும் என்னையே பாக்கறாங்க. எனக்குப் புத்தி கெட்டுப்போச்சு.”

அவர் லென்ஸை மாட்டிக்கொண்டு காடியிலிருந்து ஒரு சிட்டிகைத் தூளை எடுத்துப் பார்த்தார். பிறகு காரைக் கவிழ்த்து அதன் அடியிலிருந்த காந்தத்தருகே தூளைக் கொண்டுபோனார். தூள் தாவி ஒட்டிக்கொண்டது. மலையிலிருந்து சுரண்டிய மரத்தூள் அசையவில்லை.

“இது இரும்புங்க. பெயிண்ட் அடிச்ச இரும்பை யாரோ அரத்துல ராவியிருக்காங்க.”

கீழே பட்டறையில் பம்ப்புகளுக்கு அடிக்கும் பச்சை அது. மாடிக்கு வருகிறவர்களில் அந்தப் பட்டறையில் வேலை செய்கிறவள் ஜோவிதா மட்டும்தான்.

அடுத்த ஞாயிறு, பந்தயம் தொடங்குமுன், எல்லோர் எதிரிலும் அவளே காரைக் கையிலெடுத்து, அடிக் காந்தம் படும்படி சிவப்புக் காரின் காடிமேல் நகர்த்தினாள். கடைசி வளைவில் காந்தம் பச்சையாயிற்று.

“இது மரத்தூளே இல்லீங்க” என்றாள். “நம்ம பம்ப்பை ராவுன தூள்.”

திருமலைசாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப கீழ வேலை செய்யறவங்கதான் போட்டிருக்கோணும்.”

“நான் மாடிக்கு ஞாயித்துக்கெழம மட்டுந்தான் வாரனுங்க. மத்த நாள்ல இந்த ரூம்பு சாவி யாருகிட்டீங்க இருக்குது?”

திருமலைசாமியும் பாயும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி விசையைக் கீழே வைத்தார். சிரிக்க முயன்றார்.

“தோத்துத் தோத்துச் சலிச்சுப்போச்சு சாமி. சும்மா வெளையாட்டுக்குப் போட்டுட்டேன்.”

திருமலைசாமி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

திங்கட்கிழமை, வேலை இருக்குமா என்று தெரியாமலே ஜோவிதா பட்டறைக்கு வந்தாள். மதியம் முதலாளி அவள் மேசையருகே நின்றார்.

“எங்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமில்ல?”

“என்னைய எல்லார் முன்னாலயும்தானுங்க கேட்டாங்க. அப்ப நீங்க பேசாம இருந்தீங்க.”

அவர் திரும்பிப் போனார். அந்த வாரமே சூலூருக்குப் போய்த் திருமலைசாமியிடம் என்ன சொன்னாரோ, ஞாயிறன்று சூலூர்க்காரர் மறுபடி வந்தார். உட்காருமுன் இரண்டு காடியையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். பாயும் தடவிப் பார்த்தார். பந்தயத்தில் முதலாளியின் நீலக் கார் நேரான பாதையில், எந்தக் காரணமும் இல்லாமல், வேகம் குறைந்து தோற்றது.

திருமலைசாமி சிரிக்கவில்லை. விசையிலிருந்து சற்றே தூக்கியிருந்த முதலாளியின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜோவிதாவும் அதைத்தான் பார்த்தாள்.