மொழிபெயர்க்க வேண்டாம் என்றேன்

எங்கள் குடும்பத்தில் பிறந்த ஆண்பிள்ளை எவனும் வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனதில்லை. வந்தவர் ஒருவர் உண்டு, என் தங்கையின் கணவர். எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். காலையில் கீழே வந்து, நான் படித்து முடித்த செய்தித்தாளை எடுத்துக்கொண்டு, வானிலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அவரை நான் மரியாதைக் குறைவாக நடத்தியதில்லை. ஆனால் அந்த மாடிப்படியில் இதுவரை ஏறியதும் இல்லை. ஏன் ஏறவில்லை என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அவருக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு என் ஒரே மகன் ஒரு கிரேக்கப் பெண்ணைக் கூட்டி வந்தான். இருவரும் கண் பரிசோதனைப் படிப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். நல்ல பெண். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டாள். தப்பாகச் சொல்லிவிட்டு எங்களுக்கு முன்பே அவள் சிரித்துவிடுவாள். அவளுக்குத் தாய் இல்லை. தகப்பனார் தன் ஊரில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சம்பந்தம் பேச அவர் வரப்போகிறார், அவருக்குத் தன் மொழியைத் தவிர வேறு எதுவும் தெரியாது என்று மகன் சொன்னான்.

"அதனால என்ன, நான் பேசிக்கிறேன்" என்றேன்.

கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஆங்கிலத்தில் பாதி கிரேக்கத்திலிருந்து வந்ததுதான், டெலிபோன், டெமாக்ரசி, ஜியாகிரபி எல்லாம் அவர்கள் சொத்து என்று வீட்டில் எடுத்துச் சொன்னேன்.

"டெலிபோன் தெரிஞ்சா ஆச்சா, அதுல பேசத் தெரிய வேண்டாமா?" என்றாள் என் மனைவி.

ஆங்கிலம் தெரிந்தவர்களுக்காக எழுதிய கிரேக்கப் பாடநூல் ஒன்றை வாங்கினேன். எழுத்துகள் இரண்டு வாரத்தில் பிடிபட்டுவிட்டன. பிறகுதான் வம்பு. மேசை அஃறிணை, நாற்காலி பெண்பால், சுவர் ஆண்பால். ஏன் என்று கேட்கக் கூடாது. 'நான்', 'நீ' என்று தனியாகச் சொல்லாமல் வினைச்சொல்லின் வாலிலேயே ஆளைக் கட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அப்படி இல்லையே என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டபோது என் மகன், "நம்ம வீட்டுப் பேச்சு மாதிரிதானேப்பா. வரேன்னு சொன்னா நான்தானே?" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னது என் காதில் விழாதது போலப் பக்கத்தைத் திருப்பினேன்.

பக்கத்தைத் திருப்புவது எனக்கு வழக்கமாகிவிட்டது. புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு பாடம் இருந்தது. பிறர் பேசுவது புரியாதபோது என்ன சொல்ல வேண்டும் என்ற பாடம். புரியவில்லை, மெதுவாகப் பேசுங்கள், இன்னொரு முறை சொல்லுங்கள். குடும்பத் தலைவன் சம்பந்தி முன்னால் இதையெல்லாம் சொல்வதற்காகவா இந்த வயதில் கண் விழித்துப் படிக்கிறேன் என்று அந்தப் பாடத்தை விட்டுவிட்டேன். விருந்தினரை வரவேற்கும் பாடத்தை மட்டும் தலைகீழாக ஒப்பிக்கும் அளவுக்குப் படித்தேன். 'நிச்சயமாக' என்பதற்கு வெவேயோஸ், 'மகிழ்ச்சியோடு' என்பதற்கு மே ஹரா. என் வீடு உங்கள் வீடு என்ற வாக்கியத்தைக் குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன்.

சம்பந்தி வந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். வந்து உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்த்தார், ஏதோ சொல்லிக்கொண்டே என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததாம். அதன் காலைக் கட்டைவிரலால் நிமிர்த்தி, துடைத்து, திருப்பி மாட்டினார். அப்போது அவர் விரல்கள் என் காதோரம் நடுங்கியதை உணர்ந்தேன். வயது என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருந்தோம். அன்று மாடியிலிருந்து தங்கையும் அவள் கணவரும்கூட வந்திருந்தார்கள். நான் என் வரவேற்பைச் சொன்னேன். சம்பந்தி கண் கலங்கினார். தங்கை பெருமையாக எல்லோரையும் பார்த்தாள். ஒரு பிழை இல்லை என்று அந்தப் பெண்ணே சொன்னாள். அத்தோடு நின்றிருந்தால் என் மானம் அப்படியே நின்றிருக்கும்.

சம்பந்தி கரண்டியை வைத்துவிட்டுப் பேசத் தொடங்கினார். நீளமாகப் பேசினார். புத்தகத்தில் வரும் மனிதர்கள் யாரும் அவ்வளவு வேகமாகப் பேசுவதில்லை. மகள் என்ற சொல் காதில் விழுந்தது. கடை, வீடு, தனியாக என்ற சொற்கள் விழுந்தன. தாயில்லாத பெண்ணை உங்கள் வீட்டில் ஒப்படைக்கிறேன் என்கிறார் என்று நானே கோத்துக்கொண்டேன். அந்தப் பெண் முகம் சிவந்து, "மாமா, அப்பா என்ன கேக்கறார்னா" என்று ஆரம்பித்தாள்.

நான் கையை உயர்த்தினேன். "நீ சொல்ல வேண்டாம்மா. பெரியவங்க நாங்க பேசிக்கிறோம்."

பிறகு சம்பந்தியைப் பார்த்து வெவேயோஸ் என்றேன். மே ஹரா என்றேன். என் வீடு உங்கள் வீடு என்று மறுபடியும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் எழுந்து வந்து என் இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். என் மகன் நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து என் காலைத் தொட்டான். இதற்கு முன் அவன் எப்போது அப்படிச் செய்தான் என்று எனக்கு நினைவே இல்லை. "இதை உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு ஆறு மாசமா தவிச்சுட்டு இருந்தேம்ப்பா. அவரு கை நடுங்குது, இனிமே கடையை அவரால பாக்க முடியாது. நாங்க அங்கயே போய் அவரோட இருக்கணும்னு கேட்டாரு. நீங்க ஒரு நிமிஷம்கூட யோசிக்கல."

என் மனைவி எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

என் பிள்ளையை வீட்டோடு மாப்பிள்ளையாக, என் வாயாலேயே, மகிழ்ச்சியோடு, அனுப்பிவிட்டேன். புரியாமல் சொன்னேன் என்றால் முட்டாள். புரிந்து சொன்னேன் என்றால், பெற்றவளை ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவன். அன்று முழுவதும் இரண்டாவது ஆளாகவே இருந்துவிட்டேன். அது எனக்கு முதலாவதைவிடச் சுலபமாக இருந்தது.

மனைவி ஒரே ஒரு முறை பேசினாள். "நம்ம பையனுக்கு நான் யாருங்க?" என்றாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் தங்கையின் கணவர் மாடியிலிருந்து வந்தார். செய்தித்தாளை எடுக்கவில்லை. என் எதிரில் உட்கார்ந்தார். அவர் என் எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"நம்ம கட்சிக்கு இன்னொரு ஆளு சேந்தாச்சு மச்சான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டார். "நீங்க என்னை உள்ளுக்குள்ள கேவலமா நினைக்கறீங்கன்னே இத்தனை நாளா நினைச்சுட்டு இருந்தேன். பெத்த பிள்ளையையே சந்தோஷமா அனுப்பறவரு அப்படி நினைப்பாரா? நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார் அவர். நான் எழுந்து அலமாரியிலிருந்த அந்தப் பாடநூலை எடுத்தேன். விட்டுப்போன பாடத்தைத் தேடினேன். அதன் ஓரம்கூடக் கசங்கவில்லை. கூடத்தில் சம்பந்தி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். மகனும் அந்தப் பெண்ணும் உதவிக்கொண்டிருந்தார்கள். மனைவியைக் கூப்பிட்டேன். என் தங்கை கணவரும் பின்னாலேயே வந்து மாடிப்படி ஓரமாக நின்றார்.

சம்பந்தி எதிரில் நின்று, எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் போல, "தென் கத்தலவேனோ" என்றேன். எனக்குப் புரியவில்லை என்று பொருள். எந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாதென்று விட்டேனோ அந்த வாக்கியம். பிறகு தமிழில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "நேத்து அவரு கேட்டது எனக்கு ஒண்ணுமே புரியலம்மா. புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன். அதையும் அவருகிட்ட சொல்லிடு."

அவள் சொன்னாள். என் மகனின் முகம் வாடியதைப் பார்த்தேன். சம்பந்தி கட்டிய பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். நடுங்கும் கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். பிறகு தன் மகளிடம் ஏதோ சொன்னார்.

"நீங்க குடுத்த வாக்கைத் திருப்பித் தந்துட்டாராம் மாமா. புதுசா கேக்கறாராம். மெதுவா."

மெதுவாகவே கேட்டார். அவள் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னாள். நான் கையை உயர்த்தவில்லை. முடிந்ததும், "இவனைப் பெத்தவ இவ. அவரை இவகிட்ட கேக்கச் சொல்லு" என்றேன்.

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சம்பந்தியின் கையைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள். "தனியா இருக்கற மனுஷன். போகட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை வந்துட்டுப் போகணும், அவ்வளவுதான்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குச் சம்மதமா? இப்ப நிஜமா கேக்கறேன்."

கிரேக்கத்தில் நொடியில் வந்த சொல் தமிழில் வரவில்லை. என் தகப்பனார் இருந்தால் என்ன சொல்வார் என்று யோசித்தேன். ஊர் என்ன சொல்லும் என்று யோசித்தேன். யோசித்த நேரம் எவ்வளவு நீண்டது என்று நான் அறியவில்லை. கூடத்தில் இருந்த எல்லோரும் அறிந்தார்கள்.

"சம்மதம்" என்றேன்.

மகன் மூச்சு விட்டான். நான் மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. மேலே கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது.

அடுத்த நாள் காலையில் அவர் கீழே வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. தங்கை வந்தாள், வேண்டியதை எடுத்தாள், என்னைப் பார்க்காமல் போனாள். செய்தித்தாள்கள் மேசையில் சேர்ந்துகொண்டே இருந்தன.

நேற்று காலை, இன்னும் மடிப்புப் பிரிக்காத செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அந்தப் படியில் ஏறினேன். கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மேலே போய் மூச்சு வாங்க நின்றேன். என்ன சொல்வது என்று எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொண்டு வரவில்லை.

கதவைத் தட்டினேன். திறந்தவர் என்னையும் என் கையில் இருந்ததையும் பார்த்தார்.

"நீங்க இன்னும் படிக்கலியே மச்சான்" என்றார்.

"நீங்க முதல்ல படிங்க" என்றேன். "நான் இங்கயே கொஞ்சம் உக்காந்துக்கலாமா?"

அவர் கை கதவை விடவில்லை. நான் வாசலிலேயே நின்றேன்.