திங்கள், புதன், வெள்ளி மழை

மனிதன் மூக்கா, மழை மேகமா என்று ஓர் ஊர் நான்கு மாதம் சண்டை போட்டது என்றால் வெளியூர்க்காரன் சிரிப்பான். குரிண்டாவில் யாரும் சிரிக்கவில்லை.

ரயில் பாதையோரம் நிற்கும் கோதுமை சேர்த்துவைக்கும் மூன்று கோபுரங்களிலும் ஆளுயரத்துக்குப் பதினைந்து மடங்கு பெரிய படங்கள் வரைய மெல்பர்னிலிருந்து ஓவியன் வருவதாக இருந்தது. முதல் கோபுரத்துக்கு ஆட்டு மந்தை நாய். இரண்டாவதுக்கு, ஊரில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்த நர்ஸ். இரண்டும் ஒரே கூட்டத்தில் முடிவாகிவிட்டன. நாய்க்கு எதிராக ஒரு கை கூட உயரவில்லை. மூன்றாவதில்தான் வம்பு வந்தது. முன்னாள் முதல்வர் லெஸ் பெட்டிக்ரூவின் முகம் வேண்டும் என்றது பேக்கரி ராலீன் கட்சி. மேகம் வேண்டும் என்றது கோதுமையும் ஆடும் வளர்க்கும் விவசாயி டாரில் கட்சி.

சண்டை உண்மையில் படத்தைப் பற்றியது இல்லை. இருபது வருடத்துக்கு முன் குரிண்டா செத்துக்கொண்டிருந்த ஊர். பள்ளிக்கூடத்தில் ஐம்பத்தெட்டு பிள்ளைகள். அதிலும் பாதி ஒரே குடும்பம். இன்று நூற்றுத் தொண்ணூறு. வைக்கோல் கட்டும் ஆலை வந்தது, கோழிப் பண்ணைகள் வந்தன, அவற்றில் வேலை செய்ய பிலிப்பைன்ஸிலிருந்து குடும்பங்கள் வந்தன, அந்தக் குடும்பத்துப் பெண்கள் நெட்பால் கோப்பையை அடித்துக்கொண்டு வந்தார்கள். இதெல்லாம் யாரால் என்பதுதான் கேள்வி. நானூறு கிலோமீட்டர் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பெட்டிக்ரூவாலா, அல்லது அதே வருடங்களில் தாராளமாகப் பெய்த வானத்தாலா?

"காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துச்சு. நீ காக்காவுக்குச் சிலை வைக்கச் சொல்ற," என்பான் டாரில்.

"நீ பனம்பழத்தைத் தின்னுட்டு மரத்தையே வெட்டச் சொல்ற," என்பாள் ராலீன், அவனுக்கு இறைச்சி அடைத்த 'பை' பலகாரத்தைச் சூடு பண்ணிக் கொடுத்துக்கொண்டே.

இந்த வழக்குக்குச் சாட்சி ஒருத்திதான். கிளெனிஸ். வயது எழுபத்தொன்று. முப்பத்து மூன்று வருடமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்குத் தன் கொல்லையில் நிற்கும் மழைமானியைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அளவு பார்த்து, வானிலை அலுவலகத்துக்கு எழுதி அனுப்புகிறவள். சம்பளம் கிடையாது. மகள் கல்யாணத்தன்று காலையில் கூட, தலையில் முடி சுருட்டும் ஊசிகளோடு போய் அளந்தாள். வறட்சியில் பண்ணையை விற்றுவிட்டு ஊருக்குள் குடிவந்த வாரமே அவள் இந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கினாள். நம்மை நடுத்தெருவில் நிறுத்தியது எதுவோ, அதைக் கண்காணிக்கவாவது செய்வோம் என்ற வைராக்கியம். வரும் மார்ச்சில் அவளுக்குப் பதக்கம் தரப்போவதாக அந்த அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அதைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் பால் எடுக்கும் சாக்கில் படித்தே ஆகவேண்டும்.

கிளெனிஸ் மேகக் கட்சி. அதை அவள் ஒளித்ததே இல்லை. பெட்டிக்ரூ முதல்வராக இருந்தபோது இதே ஊர் மன்றத்துக்கு வந்து, கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "மழை கொண்டுவர என்னால முடியாது. குழாய் கொண்டுவர முடியும். சும்மா இல்ல, அதுக்குப் பணம் வேணும். உங்க பயணிகள் ரயிலை நிறுத்தித்தான் அதை எடுக்கப்போறேன். திட்டுறவங்க இப்பவே திட்டிடுங்க, நான் உக்காந்து கேக்குறேன்." திட்டினார்கள். இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். அடுத்த வருடம் கிளெனிஸின் கணவன் டிரெவுக்குப் புற்றுநோய். அடிலெய்டு ஆஸ்பத்திரிக்குப் போக ரயில் இல்லை. வாந்தி எடுக்கும் மனிதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஐந்து மணி நேரம் அவளே கார் ஓட்டினாள், பதினான்கு முறை. அந்தக் கோபத்தைக் குறை சொல்ல யாருக்கும் வாயில்லை.

குழாய் முடிவதற்குள் பெட்டிக்ரூ தேர்தலில் தோற்றுப்போனார். ஆட்டுக்கு நானூறு கிலோமீட்டர் குழாயா என்று நகரத்துப் பத்திரிகைகள் கேலி செய்தே அவரைக் கவிழ்த்தன. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டியது அடுத்து வந்தவர். கல்வெட்டில் இருப்பதும் அவர் பெயர்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. பெட்டிக்ரூவை யாரும் அழைக்கவில்லை. அழைக்காமலே வந்து, கூட்டத்தின் கடைசியில் தொப்பியோடு நின்றார். திறந்த குழாயில் தண்ணீர் வந்ததும் ஒரு முறை தலையாட்டிவிட்டுக் காருக்கு நடந்தார். கிளெனிஸ் அவரைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முடிவெடுக்கும் கூட்டம் பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு. மழைக் கணக்கைக் கிளெனிஸ் வாசிக்கவேண்டும். குழாய்க்கு முந்தைய பன்னிரண்டு வருடச் சராசரி இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டு மில்லிமீட்டர். பிந்தைய சராசரி முந்நூற்று அறுபத்தொன்று. இதற்கு மேல் என்ன வேண்டும்? எண்ணை வாசித்தால் ஜனங்கள் கொட்டாவி விடுவார்கள் என்று, திங்கட்கிழமை காலையில் சமையல் மேசையில் உரக்கடை நாள்காட்டிகளைப் பரப்பினாள். அவள் எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை; முப்பது வருட நாள்காட்டிகளும் அலமாரியில் இருந்தன. மழை பெய்த நாளுக்கெல்லாம் நீலப் பென்சில். தூரத்திலிருந்து பார்த்தாலே நீலம் கூடியிருப்பது தெரியவேண்டும்.

ஒரு கோடைகாலத்தை முடித்துவிட்டு, தேநீர் போட எழுந்து திரும்பிப் பார்த்தாள்.

தாளில் மூன்று நீலக் கோடுகள் மேலிருந்து கீழாக ஓடின. திங்கள், புதன், வெள்ளி. செவ்வாயில் ஒன்றுமில்லை, வியாழனில் ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை வானம் சர்ச்சுக்குப் போயிருந்தது போல.

அடுத்த வருடத்தை எடுத்தாள். அதே மூன்று கோடு. அதற்கடுத்ததும் அப்படித்தான். குழாய்க்கு முந்தைய வருடம் ஒன்றை எடுத்தாள். நீலம் சிதறிக் கிடந்தது, மழை எப்படிப் பெய்யுமோ அப்படி. அவள் எழுதி அனுப்பும் படிவத்தில் தேதிதான் உண்டு, கிழமை கிடையாது. அரை மில்லி, ஒரு மில்லி, விடியற்காலைத் தூறல் என்று நினைத்தே இருபது வருடம் எழுதியிருக்கிறாள்.

கொல்லை வேலிக்கு அந்தப் பக்கம் புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் கிளப். அங்கே புல் பார்க்கும் நெவ், வெட்டும் யந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"நெவ், புல்லுக்கு எப்போ தண்ணி விடுற?"

"திங்கள், புதன், வெள்ளி. விடிகாலை நாலு மணி. தானா திறந்து தானா மூடிக்கும். குழாய் வந்த வருஷம் வச்சது, இன்னிக்கு வரைக்கும் மாத்தல. ஏன்?"

"இப்போ கொஞ்சம் திறந்து விடேன்."

திறந்தான். தெளிப்பான்கள் சீறிச் சுழன்றன. தென்கிழக்குக் காற்று தண்ணீரைப் பொடிப்பொடியாகத் தூக்கி வேலி மேல் கொண்டுவந்தது. கிளெனிஸ் மழைமானி பக்கத்தில் நின்றாள். இரண்டே நிமிடத்தில் மூக்குக் கண்ணாடி நனைந்து, முகவாயில் சொட்டியது. தலைக்கு மேல் வானம் துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது.

நெவ் வேலிக்கு வந்து அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு மானியைப் பார்த்தான். மூளையில் மெதுவாக ஏறியது. "ஐயய்யோ, கிளென்."

"வருஷத்துக்கு எழுபது மில்லி பக்கம் வரும். உன் புல்லோட மிச்சம்."

"இங்க பாரு, நான் எதையும் பாக்கல, நீயும் எதையும் கேக்கல. யாருக்குத் தெரியப்போகுது? மார்ச்சுல பதக்கத்தை வாங்கிக்கோ. மேகத்தை வரையட்டும். பெட்டிக்ரூவுக்கு எண்பத்தஞ்சு வயசு, முதியோர் இல்லத்துல இருக்காராம். இங்க வந்து அண்ணாந்து பாக்கவா போறார்?"

அவன் சொன்னதில் தப்பில்லை, அதுதான் கஷ்டம். யாருக்கும் தெரியாது. சொன்னால் இருபது வருடப் பதிவு குப்பை. ஊரில் எதற்குச் சண்டை வந்தாலும் 'கிளெனைக் கேளு' என்பார்களே, அது போய்விடும். டிரெவ் போன பிறகு காலையில் எழுந்திருக்க அவளுக்கு இருந்த ஒரே காரணமும் அந்த ஒன்பது மணிதான். செவ்வாய் முழுக்க அந்த வீட்டில் பாத்திரங்கள் சத்தமாகவே வைக்கப்பட்டன. பெட்டிக்ரூ மேல் இருந்த கோபத்தை ஊதி ஊதிப் பார்த்தாள். ரயிலை நினைத்தாள், டிரெவை நினைத்தாள். ஆனால் கண்ணில் வந்து நின்றது, அழைக்காத விழாவில் தலையாட்டிவிட்டுப் போன அந்தத் தொப்பிக்கார மனிதர்தான். பிடிக்காதவன் என்பதற்காக அவன் செய்ததைச் செய்யவில்லை என்று எழுத முடியுமா? அவள் எழுதிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள், வாரத்துக்கு மூன்று நாள்.

புதன்கிழமை மன்றம் நிரம்பியிருந்தது. ஆளுக்கொரு தட்டுப் பலகாரம். டாரில் எழுந்து தொண்டையைக் கனைத்தான்.

"இந்த ஊர்ல பொய் சொல்லத் தெரியாதது ரெண்டே ரெண்டு. ஒண்ணு கோதுமை எடை போடுற தராசு, இன்னொண்ணு கிளெனோட நோட்டு. நீ வாசி, கிளென்."

கிளெனிஸ் நாள்காட்டித் தாள்களை மேடைத் திரையில் ஊசி குத்தி மாட்டினாள். நீலக் கோடுகள் கடைசி வரிசைக்கும் தெரிந்தன. ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பின்வரிசையில் ஒரு பையன் கிழமைகளைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தான். அவளும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"என் நோட்டு தப்பு," என்றாள். "இது மழை இல்ல. கிளப் புல்லுக்கு நெவ் விடுற குழாய்த் தண்ணி, காத்துல என் மானிக்கு வந்து விழுந்திருக்கு. அதைக் கழிச்சா, இந்த இருபது வருஷச் சராசரி இருநூத்தி எண்பத்தொம்பது. குழாய்க்கு முன்னாடி இருந்ததை விட மூணு கம்மி. வானம் நமக்கு ஒண்ணும் கூடுதலாக் கொடுக்கல."

பேக்கரி ராலீன் கை தட்டுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் கிளெனிஸின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்போ எல்லாம் அந்த ஒரு ஆள் செஞ்சதா?" என்று கோழிப் பண்ணைக்காரர் ஒருவர் கேட்டார். "நாங்க உழைக்கலையா?"

"உழைச்சோம்," என்றாள் கிளெனிஸ். "வறட்சி வருஷத்துலயும் நாங்க உழைச்சோம், பண்ணை போச்சு. அவர் ஒருத்தரே செஞ்சார்னு நான் சொல்லல. ஆனா நாம உழைச்சது காயாம இருந்துச்சே, அது அவரால. அதுக்காக முதல்வர் நாற்காலியையே கொடுத்தார். ரயில் போனதுக்கு நான் அவரை இன்னும் மன்னிக்கல. அது வேற, இது வேற."

டாரில் இன்னும் நின்றுகொண்டே இருந்தான். பெரிய உடம்பு, முன் நாற்காலியைப் பிடித்திருந்த கை வெளுத்திருந்தது.

"கிளென். ஊருக்குள்ள முந்நூத்தி அறுபது பெய்யல?"

"பெய்யல, டாரில்."

"என் இடத்துல எப்பவும் இருநூத்தி எண்பதுதான். மூணு மானி மாத்தினேன். மழைக்கும் டவுன்லதான் வீடு வேணுமாம்னு ஜோக்கடிச்சுட்டுத் திரிஞ்சேன்." குரல் இறங்கியது. "எங்கப்பா சாகுற வரைக்கும் உன் நோட்டைத்தான் சொல்லிக் காட்டினார். ஊருக்குள்ள அவ்ளோ பெய்யுது, உனக்குத்தான் நிலம் பாக்கத் தெரியலன்னு. அதையே சொல்லிட்டுத்தான் செத்தார்."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. தன் பதக்கம், தன் பெயர், தன் ஒன்பது மணி என்றே இரண்டு நாளும் யோசித்திருந்தாள். தன் அரை மில்லியும் ஒரு மில்லியும் இன்னொருவன் வீட்டில் தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவே போய் உட்கார்ந்திருக்கும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"உன் மானி சரி. உனக்கு நிலம் பாக்கத் தெரியும். தப்பு என்னோடது, டாரில். என்னை மன்னிச்சுடு."

டாரில் ஜன்னல் பக்கம் திரும்பினான்.

"இதே இருநூத்தி எண்பது மழையில எங்க தாத்தா மந்தையில பாதியை வித்தார்," என்றான். "நான் ஒரு ஆட்டைக் கூட விக்கல. ஒரு கோடையிலயும் குழாய்த் தொட்டி காயல. அது எப்படின்னு நான் ஒரு நாளும் கேட்டுக்கல பாரு."

உட்கார்ந்தான். உட்கார்ந்தபடியே வலது கையைத் தூக்கினான். வாக்கெடுப்பு இன்னும் தொடங்கவே இல்லை என்று தலைவர் சொன்னதும், "எனக்குத் தொடங்கியாச்சு" என்றான். மற்றவர்கள் அவன் கையைப் பார்த்தே கையைத் தூக்கினார்கள். பெட்டிக்ரூ முகத்துக்கு எதிராக நான்கு பேர். அதில் இரண்டு பேர் நாயைத் தவிர எதற்கும் எதிராக வாக்களிக்கிறவர்கள்.

நாலு மணித் தபால் போவதற்குள் கிளெனிஸ் வீட்டுக்கு வந்து, உட்கார்ந்து வானிலை அலுவலகத்துக்கு எழுதினாள். பதக்கம் வேண்டாம் என்று எழுதும்போது அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு மேலே எழுதினாள். எந்தெந்தக் கோடைப் பதிவுகளை அடிக்கவேண்டும் என்று வருடவாரியாகக் குறித்தாள். படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. பனி, புழுதி, பறவை எச்சம் என்று இரண்டு சொல்லில் நிரப்புகிற இடம். அதில் எழுதினாள்:

"மழை அல்ல. லெஸ் பெட்டிக்ரூ."