வெளியில் பூட்டும் அறை

கோழிக்கறிக் கடையின் பழைய குளிர் அறைக்குள் தங்கை கோழிக்கூடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் செல்போனைச் சாய்த்து வைத்து, தன் முகம் முழுதாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வெள்ளைத் தகரச் சுவர். நன்றாகக் கழுவியாகிவிட்டது. அந்த அறையின் இயந்திரம் கெட்டுப்போய்க் குழாய்களைப் பிடுங்கி எடுத்ததில் சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஒரு துளை மிஞ்சியிருந்தது. பின்முற்றத்தைப் பார்த்த அந்தத் துளைக்குப் பக்கத்தில் வைத்தால்தான் போனுக்குச் சிக்னல் வரும். மற்றபடி அது பழைய கூடைகள் போட்டு வைக்கும் அறை. பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியவா போகிறது. அவர்கள் பார்க்கப்போவது ஒரு வெள்ளைச் சுவரையும் அதற்கு முன்னால் ஒரு பெண்ணையும்தான்.

அண்ணி வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"வேர்க்குது பாரு பாப்பா. மூஞ்சியத் தொடச்சுக்கோ. பயந்த மாதிரி தெரியும்."

"பயமாத்தான் இருக்கு அண்ணி."

"அது அவங்களுக்கு எதுக்கு?"

முதுநிலைப் படிப்புக்கு இது இரண்டாவது விண்ணப்பம். போன வருடமும் இதே நேர்காணல் வந்தது. மாடியில், தன் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். முதல் கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அண்ணன் உள்ளே வந்தான். போனைப் பிடுங்கி, அந்தப் பக்கம் இருந்தவர்களை வாய்க்கு வந்தபடி பேசி, படியிறங்கிக் கடைக்குப் போய், வெட்டுக்கட்டையில் போனை வைத்துக் கத்தியால் ஒரே போடாகப் போட்டான். கோழி எலும்பையே ஒரே வெட்டில் இறக்குகிற கை. கடையில் இருந்தவர்களைப் பார்த்து, "எலும்பில்லாத கறி, யாருக்கு வேணும்?" என்று கேட்டுச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள். தெருவில் அந்தக் கடைக்குச் சிரிப்புக்கடை என்றுதான் பெயர். அவ்வளவு சிரித்த முகம் அவனுக்கு. அந்த முகத்தை மாடிக்கு எடுத்துக்கொண்டு வரும் பழக்கம்தான் அவனுக்கு இல்லை.

படிக்கப் போகக்கூடாது என்பதற்கு அவன் காரணம் எதுவும் சொன்னதில்லை. கேட்டால் கைதான் நீளும். கடையில் அவள் கை இல்லாமல் நடக்காது என்பது ஒன்று. தன் கைக்கு எட்டாத தூரத்தில் வீட்டில் ஒருத்தி இருப்பதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பது இன்னொன்று. வெளியே எங்காவது போய்ப் பேசலாம் என்றால், தெருமுனை தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் அவனிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்கள். அதனால்தான் அவன் பண்ணைக்குக் கோழி ஏற்றப் போகும் நாளில், இந்த அறை. சத்தம் வெளியே போகாத தடித்த கதவு. இந்த முறையும் நேர்காணல் கெட்டுப்போனால் அடுத்த வருடம் அந்தப் பல்கலைக்கழகம் அவள் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காது. அது இருவருக்கும் தெரியும்.

கதவை வெளியிலிருந்துதான் திறக்க முடியும். உள்பக்கக் கைப்பிடி எப்போதோ உடைந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் சொல்வார்கள். எப்போதோ அல்ல. அறையின் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், வாடிக்கைக்காரர் ஒருவரிடம் அண்ணி எடையில் ஏமாந்துவிட்டாள் என்று அவளை உள்ளே தள்ளி, கைப்பிடியைக் கத்தியின் பின்பக்கத்தால் அடித்து உடைத்து, வெளியே பூட்டிவிட்டு அவன் வியாபாரம் பார்த்தான். கல்லூரியிலிருந்து வந்த தங்கைதான் கதவுக்குள்ளிருந்து வந்த தட்டலைக் கேட்டுத் திறந்தாள். அண்ணியின் உதடு நீலமாக இருந்தது. கதவின் அடிப்பக்க ரப்பரை விரலால் பிய்த்து எடுத்திருந்தாள்; அதில் அவள் நகம் ஒன்று ஒட்டியிருந்தது. திறந்ததற்காக அன்று தங்கைக்குக் கன்னத்தில் விழுந்த அறையில் இடது காது இன்றும் இரைகிறது. யார் உள்ளே இருந்தாலும் சரி, தட்டினால் மற்றவள் உடனே திறக்க வேண்டும் என்று அன்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். வேறு எதையும் அவர்கள் அந்த வீட்டில் அப்படிப் பேசி வைத்துக்கொண்டதில்லை.

"நான் வெளிய கடையக் கழுவிக்கிட்டு இருப்பேன்," என்றாள் அண்ணி. "நீ தட்டுற வரைக்கும் யார் வந்தாலும் தொறக்க மாட்டேன். நீ தட்டினா அடுத்த நொடி தொறப்பேன்."

"யார் வரப்போறா அண்ணி."

"சொல்லி வைக்கிறேன்."

கதவு மூடியது. பூட்டு விழுந்த சத்தம் கேட்டது.

திரையில் இரண்டு முகங்கள் வந்தன. கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியை. அவர் பக்கத்தில் தலை நரைத்த ஒரு பேராசிரியர். பேராசிரியை கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"போன வருஷமும் உங்களத்தான் கூப்பிட்டிருந்தோம். பாதியில ஒருத்தர் வந்து..."

"மன்னிச்சிடுங்க மேடம். அது இந்தத் தடவ நடக்காது."

"சரி. கோழிகள வெட்டுறதுக்கு முன்னாடி அதுகளுக்கு வர்ற பயம் கறிய எப்படி மாத்துதுன்னு ஆராயணும்னு எழுதியிருக்கீங்க. ஏன் இதுல ஆர்வம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் மனப்பாடம். கடையில் பார்த்தது, பிறகு பாடப்புத்தகத்தில் படித்தது, நெடுநேரம் அலைக்கழிந்த கோழியின் கறி கறுத்துப்போவது, கடைசி நேரத்தில் போராடிய கோழியின் கறி வெளுத்துத் தண்ணீர் விடுவது. சொல்லிக்கொண்டே வந்தவளின் கண் போனுக்குக் கீழே இருந்த கூடைகளில் பட்டது. மூடிக்கொக்கிகள். ஒவ்வொரு கூடையிலும் கொக்கி ஒழுங்காக இருந்தது.

கொக்கி உடைந்த கூடைகளைச் சரிசெய்யவேண்டும் என்று அண்ணன் ஒரு மூலையில் ஒதுக்கிப் போட்டிருந்தான். பண்ணைக்குப் போகும்போது கூடைகளை எப்போதும் அவன்தான் பார்த்துப் பார்த்து ஏற்றுவான். இன்று அவன் சீக்கிரம் கிளம்பட்டும் என்று இவர்கள் இருவரும் விழுந்து விழுந்து ஏற்றிக் கொடுத்தார்கள். அந்த மூலையில் கைக்கு எட்டியவற்றையெல்லாம் ஏற்றினார்கள். மூடி நிற்காத கூடையில் உயிர்க்கோழி நிற்குமா? வாயில் பதில் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல கூடை எடுக்க அவன் திரும்பி வந்தாக வேண்டும்.

சுவர்த்துளை வழியாக வண்டி முற்றத்துக்குள் திரும்பும் சத்தம் கேட்டது.

"நல்லாச் சொன்னீங்க," என்றார் பேராசிரியர். "ஆனா பயம்னு ஒரு வார்த்தைய ஆராய்ச்சியில சும்மா போட முடியாது. அத எப்படி அளப்பீங்க?"

"ரத்தத்துல பாக்கலாம் சார். பயத்துல சுரக்கிற ஹார்மோன..."

கதவுக்கு அடியில், ரப்பர் பிய்ந்த இடத்தில், அண்ணனின் குரல் நுழைந்தது. கூடையை எடுக்க வேண்டும், தள்ளு என்றான். அண்ணி அங்கேயேதான் நின்றாள் போலிருக்கிறது. உள்ளே எலி மருந்து புகை போட்டிருக்கிறேன், இப்போது திறக்கக் கூடாது என்றாள். பாவம், அவளுக்குப் பொய் சொல்ல வராது. கோழிக்கூடை இருக்கிற அறையில் விஷம் வைத்தேன் என்று கோழிக்கடைக்காரனிடம் சொல்கிற பொய் ஒரு பொய்யா?

முதல் அடி கதவில் விழுந்தது. அடி என்றால் ஒரு உடம்பு கதவில் போய் மோதுகிற சத்தம். தடித்த கதவு குரலைத்தான் தடுக்கும். இதைத் தடுக்கவில்லை. தகரச் சுவர் அதிர்ந்தது. கூடை மேல் இருந்த போன் லேசாக ஆடியது.

"என்ன சத்தம் அது?" என்றார் பேராசிரியை.

"கடை மேடம். வெளிய எங்க கடை. கறி வெட்டுறாங்க."

"ஓ. கொஞ்சம் பக்கத்துல வந்து பேசுங்க."

அவள் பக்கத்தில் போனாள். கையை நீட்டினால் கதவு. இரண்டு தட்டு தட்டினால் போதும். அண்ணி திறந்துவிடுவாள், அவன் உள்ளே வருவான், போன் போகும், அடி இரண்டு பேருக்கும் பங்காகும். அவ்வளவுதான். இந்த வீட்டில் அது புதிதா? கை தானாக எழுந்தது. அதை மற்றொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்காகத் தன்மேல் அவளுக்கு வந்த அருவருப்பு, அண்ணன்மேல் என்றும் வந்த அருவருப்பைவிடக் கொஞ்சமும் குறைவாக இல்லை.

"சாவி எங்கடி?"

"தெரியாதுங்க."

மறுபடியும் கதவு அதிர்ந்தது. மறுபடியும். ஏதோ உலோகப் பாத்திரம் தரையில் உருண்டது. அண்ணி கத்தவில்லை. எப்போதும் அவள் கத்துவதில்லை. கத்தினால் அவனுக்கு இன்னும் வெறியேறும்.

"ரத்தம் எடுக்கிறதே கோழிக்குப் பயம்தானே," பேராசிரியர் விடுவதாக இல்லை. "ரத்தம் எடுக்காம வழி இருக்கா?"

"இருக்கு சார்." அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலிருந்தது. "கோழிய மல்லாக்கப் படுக்க வச்சு, நெஞ்சுல கை வச்சு லேசா அழுத்திட்டுக் கைய எடுத்துடணும். அது அப்படியே அசையாமக் கெடக்கும். எவ்வளவு நேரம் கெடக்குதுன்னு பாக்கணும். ரொம்பப் பயந்தது ரொம்ப நேரம் கெடக்கும்."

"அப்ப துடிக்கிற கோழி?"

"அதுக்கு இன்னும் தப்பிக்கலாம்னு நெனப்பு இருக்கு சார்."

"அது உங்க அபிப்பிராயம். அதுக்கு ஆதாரம் வேணும்." அவர் ஏதோ குறித்துக்கொண்டார். "ஆனா கேள்வி நல்ல கேள்வி. இங்க வந்து தேடலாம்."

இங்க வந்து. அந்தச் சொல்லை அவள் கேட்டாள். அதே நேரத்தில் கதவில் எதுவோ மேலிருந்து கீழாகச் சரிந்து இறங்குவதையும் கேட்டாள். பிறகு வெளியே எந்தச் சத்தமும் இல்லை. அடி விழுந்துகொண்டிருந்தபோது இருந்ததைவிட அவளுக்கு இது பயமாக இருந்தது.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். நல்ல சிரிப்பு. "கடைசியா ஒண்ணு. வீட்ட விட்டு வந்து விடுதியில தங்கணும். போன வருஷம் நடந்ததால கேக்கிறேன். வீட்டுல சம்மதம்தானே?"

"சம்மதம் மேடம். எங்க அண்ணிதான் படிக்கச் சொன்னாங்க. இப்பக்கூட கதவுக்கு வெளியிலதான் இருக்காங்க."

"அப்படியா? கூப்பிடுங்களேன். ஒரு வார்த்த பேசிடறேன்."

அவள் கதவைப் பார்த்தாள். அடியில் ரப்பர் இல்லாத இடத்தில், வெளிச்சம் வரவேண்டிய கோட்டில், பாதிக்கு மேல் இருட்டாக இருந்தது. அங்கே ஒரு உடம்பு சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

"அவங்க கைவேலையா இருக்காங்க மேடம்."

"பரவால்ல. எங்க நன்றியச் சொல்லுங்க. முடிவ மின்னஞ்சல்ல அனுப்புவோம்."

திரை இருண்டது. சுவர்த்துளை வழியாக, வண்டியின் பின்பக்க இரும்புப் பெட்டியைத் திறந்து எதையோ தேடும் சத்தம் வந்தது. டயர் கழற்றும் கம்பியைத்தான் தேடுகிறான். பூட்டை நெம்பப் போகிறான்.

அவள் தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கதவடியில் இருட்டு நகர்ந்து வெளிச்சம் வந்தது. இழுத்து இழுத்துப் போகும் காலடி. கோழியை முக்கி எடுக்கும் வெந்நீர்த் தொட்டியின் மூடி திறக்கும் சத்தம். அந்த நேரத்தில் தொட்டியில் அண்ணிக்கு என்ன வேலை என்று அவளுக்குப் புரியவில்லை. தண்ணீர் அளையும் சத்தமும், பல்லைக் கடித்துக்கொண்டு விடும் மூச்சும் கேட்டன. பிறகு காலடி திரும்பி வந்தது. பூட்டு திறந்தது.

அண்ணியின் வலது கை முழங்கைவரை சிவந்து, ஆவி பறக்க, சொட்டிக்கொண்டிருந்தது. அதில் கோழி இறகு ஒட்டியிருந்தது. சாவியை அவள் எங்கே போட்டிருந்தாள் என்பது அப்போதுதான் தங்கைக்கு விளங்கியது. அண்ணியின் ஒரு கண் மூடிவிட்டது. உதடு கிழிந்து பல் தெரிந்தது.

"முடிச்சிட்டியா?"

"முடிச்சிட்டேன் அண்ணி."

"என்ன கேட்டாங்க?"

முற்றத்தில் இரும்புப் பெட்டி மூடியது. செருப்புச் சத்தம் கடையை நோக்கி வந்தது. உள்பக்கம் பூட்டு இல்லாத அறை. இரண்டு பேரையும் சேர்த்து அது காப்பாற்றாது; வெளியே ஒருத்தி நின்று பூட்டினால் ஒருத்தியைக் காப்பாற்றும். தங்கை யோசிக்கவில்லை. அண்ணியின் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினாள். அண்ணி கூடைகளின் மேல் போய் விழுந்தாள். அவள் எழுந்திருப்பதற்குள் கதவைச் சாத்தி, பூட்டைப் போட்டு, சாவியைக் கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். சாவி இன்னும் சுட்டது.

உள்ளிருந்து அண்ணி தட்டத் தொடங்கினாள். தட்டினால் உடனே திறக்க வேண்டும் என்பது பேச்சு. தட்டல் ஒவ்வொன்றும் தங்கையின் முதுகெலும்பில் வந்து விழுந்தது. ஈரத் தரையில் கம்பி உராயும் சத்தம் வெட்டுக்கட்டையைத் தாண்டி வந்தது. அவள் சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.