இரண்டாம் நாள் தொடை

போட்டோக்காரருக்குத் தன் தொந்தியைப் பற்றி யார் பேசினாலும் மூக்கின் மேல் கோபம் வரும். ஞாயிறு காலை அவருடைய மனைவியின் தம்பி புது சைக்கிளில் வந்து இறங்கி, "மாமா, குன்று மேல இருக்கிற தண்ணித் தொட்டி வரைக்கும் போலாம் வர்றீங்களா? வேணாம், அந்தத் தொந்தியோட உங்களால முடியாது" என்றான். அவன் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளன். எங்கே குத்தினால் மாமா கிளம்புவார் என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டில் தூசி படிந்து நின்ற தன் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஏற்றத்தில் மச்சினன் லேசான கியருக்கு மாறிக் குடுகுடுவென்று மிதித்தான். இவருக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. கடைசி வரை கனமான கியரிலேயே பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார். தொட்டியடியில் இறங்கியபோது கால்கள் வேறு யாருடையவோ போல ஆடின. ஆனாலும் ஏறிவிட்டார்.

மறுநாள் வலியே இல்லை. "பார்த்தியா? இது அந்தக் காலத்து உடம்பு" என்று போனில் மார்தட்டினார்.

"நாளைக்குப் பேசலாம் மாமா" என்றான் அவன்.

செவ்வாய்க்கிழமை கட்டிலிலிருந்து எழும்போதே உயிர் போய் உயிர் வந்தது. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினார். மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க, படி மறந்துபோச்சா?" என்றாள். அன்றைக்குப் பார்த்து ஒரு பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ.

ஆசிரியர்கள் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பழக்க தோஷத்தில் அவர் கேமராவோடு குந்தி உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எழுந்திருக்க வழியில்லை என்று. தொடை இரண்டும் ஒத்துழைக்க மறுத்தன.

"இன்னொண்ணு எடுத்துக்கறேன்" என்றார். எடுத்தார். "இன்னும் ஒண்ணு."

"எத்தனை சார் எடுப்பீங்க? வெயில் கொளுத்துது" என்றார் தலைமையாசிரியை.

மானம் போனால் போகிறதென்று எழ முயன்றார். பாதி வந்த உடம்பு, மனம் மாறி, பக்கவாட்டில் மூட்டை போலச் சாய்ந்தது. கேமரா மட்டும் தலைக்கு மேலே பத்திரமாக நின்றது. பள்ளிக்கூடமே வெடித்துச் சிரித்தது. படுத்த வாக்கிலேயே பொத்தானை அழுத்தினார்.

"வருஷா வருஷம் போட்டோல எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்தவங்க மாதிரி இருப்போம். இப்ப சிரிச்சதையே பெரிசு பண்ணிக் குடுங்க, மாட்டிடலாம்" என்றார் தலைமையாசிரியை. கைகொடுத்துத் தூக்கிவிட இரண்டு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள்.

சாயந்திரம் மச்சினன் வந்து சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினான். "பழக்கமில்லாம முறுக்கினா தசை நார்ல பொடிப்பொடியா கீறல் விழும் மாமா. உடம்பு அதைச் சரிபண்றப்பதான் வலி. ரெண்டாவது நாள்தான் உச்சம். சரியானதும் முன்னைவிடக் கெட்டியாகும். அதுக்காகப் படுத்தே கிடக்காதீங்க, மெதுவா நடங்க. அடுத்த தடவை மரியாதையா கியரைக் குறைங்க."

அடுத்த ஞாயிறும் அதே குன்று. இந்தத் தடவை கியரைக் குறைத்தார். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் வலிக்குப் பயந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை மெல்ல ஊன்றினார். லேசான பிடிப்பு, அவ்வளவுதான்.

பெருமை தாங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுத் தொடையைக் காட்டினார். "தொட்டுப் பாரு, கல்லு மாதிரி இருக்கு."

அவள் ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். "இருக்கலாங்க. மேல மண்ணு நிறைய மூடியிருக்கு."